பினாங்குக் கடற்கரையில் மூன்று மே மாதங்கள்

நான் முதன்முதலில் கால் நனைத்த கடல் மெரினா கடல் இல்லை. வேலூரிலிருந்து சென்னை 140 கிலோமீட்டர் தூரம்தான். ஆனாலும் கடல் பார்க்கவென்று எங்கள் வீட்டில் யாரும் சென்னைக்குப் போனதில்லை. கல்யாணத்துக்குப் போவோம், துணி எடுக்கப் போவோம், அன்றைக்கே கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவோம். ஒன்பது வயதில், 1992 மே மாதம், நான் இறங்கிய முதல் கடல் மலாக்கா நீரிணை. இடம், மலேசியாவில் பினாங்குத் தீவின் வடக்குக் கரையில் உள்ள பத்து ஃபெரிங்கி.

மணல் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீடு விருதம்பட்டில், பாலாற்றங்கரையில். மழைக்காலத்தில் சில நாள் தண்ணீர் வரும், மற்ற நாளெல்லாம் மணல்தான். வெயில் தாழ்ந்ததும் தெருவே ஆற்று மணலில் போய் உட்காரும். முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால் ஊற்று சுரக்கும். முதலில் வரும் கலங்கல் தண்ணீரை ஆயா, அப்பாவின் அம்மா, கையால் வாரி இறைத்துவிடுவாள். இரண்டு மூன்று முறை இறைத்த பிறகு தெளிந்து வரும் தண்ணீரைத்தான் குடிக்கத் தருவாள். இப்போது அந்த மணலும் இல்லை, அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் முடியாது.

அப்பாவின் அக்கா, என் அத்தை, 1974-இல் கல்யாணமாகி பினாங்கு போனவர். சென்னைத் துறைமுகத்தில் சிதம்பரம் கப்பல் ஏறிப் போனார். அந்தக் கப்பல் 1985-இல் தீப்பிடித்த பிறகு பயணிகள் கப்பல் போக்குவரத்தே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு விமானம்தான், விமானம் என்றால் காசு. அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதினார். அத்தை ஒவ்வொரு கடிதத்திலும் "கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாடா" என்று எழுதுவார். அப்பா மூன்று வருடம் சீட்டு கட்டி, எடுத்து, நான்கு டிக்கெட் வாங்கினார். தங்க இடமும் சாப்பாடும் அத்தை வீட்டில். 94-லும் 97-லும் போனதும் இப்படித்தான். மூன்று பயணமும் சீட்டுப் பணம்தான், கடன் வாங்கிப் போகவில்லை. அதனால் திரும்பி வந்த பிறகு வீட்டில் எந்தப் பேச்சும் எழவில்லை. கடன் வாங்கிப் போன பயணத்தின் கசப்பு, அடுத்த மாதமே பெற்றவர்கள் முகம் வழியாகக் குழந்தைகளுக்குத் தெரிந்துவிடும். சில வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் பயணத்தில் ஆயா ஒரு பையில் இலவம்பாடி முள் கத்திரிக்காய் இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தாள். மகளுக்கு அந்தக் கத்திரிக்காய் என்றால் உயிர். கோலாலம்பூர் விமான நிலையத்தில் அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். விதைக்கும், செடிக்கும், பச்சைக் காய்கறிக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. அத்தையிடம் அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த முறை ஆயா கடையில் வாங்கிய, மூடி முத்திரையிட்ட ஊறுகாயும் குடியாத்தம் கைலிகளும் கொடுத்தனுப்பினாள். எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

அத்தை வீடு பட்டர்வொர்த்தில், தீவுக்கு எதிர்க் கரையில். மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்கு முதலில் வியப்பாக இருந்தது கடல்கூட இல்லை, நேரம்தான். காலை ஆறரை மணிக்கு வெளியே இருட்டு. மாலை ஏழு மணிக்கு நல்ல வெளிச்சம். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, ஆனால் சூரியன் அவ்வளவு முன்னால் வருவதில்லை. உச்சி வெயில் பகல் ஒன்றேகால் மணி வாக்கில்தான். இது தெரியாமல் அப்பா நம் ஊர் கணக்கில் மூன்று மணிக்கு வெயில் தணிந்துவிடும் என்று எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். அன்று இரவு தம்பிக்கு முதுகெல்லாம் எரிச்சல். கத்திரி வெயிலில் ஓடி விளையாடும் வேலூர்ப் பிள்ளைகளை வெயில் என்ன செய்யும் என்று நினைத்துவிட்டோம். தண்ணீரில் நிற்கும்போது சூடு தெரியாது, தோல் வெந்துகொண்டுதான் இருக்கும். கறுப்புத் தோலும் வேகும். அங்கே பதினொன்றிலிருந்து நாலரை வரை நிழலில் இருப்பது நல்லது. மே மாதத்தில் பிற்பகலில் இடியும் மழையும் வரும். முதல் இடி கேட்டதும் தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் கடலைக் கடந்து ஜார்ஜ் டவுன், அங்கிருந்து நீல நிற பஸ். கார்களையும் ஏற்றிக்கொண்டு போகும் அந்தப் பழைய ஃபெரிகள் இப்போது இல்லை. அன்றைக்கு ஃபெரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அப்பா எங்களுக்கு இன்னொன்றும் சொன்னார். ஃபெரிங்கி என்பது நம்முடைய பரங்கிதான். பத்து என்றால் மலாயில் பாறை. பரங்கிமலை, பரங்கிப்பேட்டை போல இது பரங்கிப் பாறை. தெரியாத ஊரின் பெயருக்குள் நம்முடைய சொல் இருந்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கரைக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம் ஊற்று தோண்டியதுதான். சவுக்கு மரங்களுக்குக் கீழே உட்கார்ந்து தோண்டினேன். தண்ணீர் வந்தது. ஆயா செய்தது போல இறைத்தேன், தெளிந்தது, குடித்தேன், துப்பினேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இது ஆறு இல்லம்மா. இங்கே மணலுக்கு அடியிலும் கடல்தான் இருக்கு" என்றார். பிறகு ஒரு குச்சியை எடுத்துத் தண்ணீர் தொடும் இடத்தில் நட்டு, "சாப்பிட்டுட்டு வந்து பார்" என்றார். சாப்பிட்டு வந்தபோது குச்சி தண்ணீருக்குள் இருந்தது. நானும் தம்பியும் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளும் இல்லை.

ஓதம் என்ற சொல் எங்கள் ஊரில் சுவரில் ஏறும் ஈரத்துக்குத்தான். கடலின் ஏற்ற இறக்கத்துக்கும் அதுதான் சொல் என்று அன்றுதான் தெரிந்தது. பினாங்கில் அமாவாசை, பௌர்ணமி சமயங்களில் கடல் மட்டம் இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். சென்னையில் சுமார் ஒரு மீட்டர்தான், அதனால் நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளி வரும். நேற்று நான்கு மணிக்கு இடுப்பளவு இருந்த இடம் அடுத்த வாரம் அதே நான்கு மணிக்குக் கழுத்துக்கு மேல் இருக்கலாம். குழந்தைகளோடு கடலுக்குப் போகிறவர்கள் ஹோட்டல் வாசலிலோ கைபேசியிலோ அன்றைய ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கும் குச்சி நடுகிறேன்.

இப்போது அப்பாவின் விஷயம். இதற்காகத்தான் முக்கியமாக இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா நல்ல நீச்சல்காரர். எங்கள் கழனிக் கிணற்றில் சிறு வயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு பழகியவர். மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிப்பார், அடியில் போய் மண் எடுத்து வந்து காட்டுவார். எனக்கும் தம்பிக்கும் லாரி டியூப் போட்டு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அந்த நம்பிக்கையில் நான்காம் நாள் அவர் கொஞ்சம் தள்ளி, பாறைகளுக்குப் பக்கத்தில், ஒரு சிற்றோடை வந்து கடலில் சேரும் இடத்தில் இறங்கினார். அங்கே அலை குறைவாக இருந்தது. அமைதியான இடம் என்று நினைத்தார்.

அலை குறைவாகத் தெரிந்ததற்குக் காரணமே, அங்கே தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருந்தது என்பதுதான். கரைக்கு வந்து மோதும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். பாறையோரம், ஓடை முகம், மணல் திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் என்று தாழ்வான இடம் பார்த்து அது ஒன்றாகக் கூடி வெளியே ஓடும். மேலே அலை உடையாது, நுரை இருக்காது, நிறம் சற்று மாறியிருக்கும். பார்ப்பதற்குக் குளம் மாதிரி இருக்கும். அதுதான் அந்தக் கரையிலேயே மோசமான இடம்.

நாங்கள் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா கரையை நோக்கிக் கை வீசி நீந்துகிறார், ஆனால் தூரம் கூடிக்கொண்டே போகிறது. அம்மா முதலில் விளையாடுகிறார் என்று நினைத்தாள். பிறகு எழுந்து நின்றாள். அவள் குரல் வெளியே வரவில்லை, என் தோளை மட்டும் இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடி இப்போதும் என் தோளில் இருக்கிறது. படகுக்காரர் ஒருவர், மலாய்க்காரர், தண்ணீரோரம் ஓடி வந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் அகல வீசிக் கத்தினார். அப்பாவுக்கு மொழி புரியவில்லை, கை புரிந்தது. நீந்துவதை நிறுத்தி, கிணற்றில் செய்வது போல மல்லாந்து மிதந்தார். மூச்சு வாங்கியதும் கரைக்கு இணையாக, பக்கவாட்டில், மெதுவாகக் கை போட்டார். இழுப்பு விட்டதும் அலையே அவரைத் தள்ளிக்கொண்டு வந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து வெகு தூரத்தில் கரையேறினார். அம்மா வெறுங்காலோடு அவ்வளவு தூரமும் ஓடினாள்.

அன்று மாலை அப்பா எங்களை உட்கார வைத்துச் சொன்னது இதுதான். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கடல் தண்ணீர் நடக்கும். நீச்சல் தெரிந்தவனுக்குக் கிணற்றில் பயம் வேண்டாம், கடலில் கட்டாயம் வேண்டும். இழுத்தால் எதிர்த்து நீந்தாதே, மித, கையைத் தூக்கிக் காட்டு, பக்கவாட்டில் போ. தான் பயந்துபோனதை அவர் எங்களிடம் மறைக்கவில்லை. அது மிகப் பெரிய விஷயம் என்று நான் தாயான பிறகுதான் தெரிந்தது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கிணற்றிலும் ஏரியிலும் நீச்சல் பழகியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவராவது கடலில் இறங்கும் முன் இதை நினைத்துக்கொண்டால் போதும்.

மறுநாள் அப்பா எங்களைக் கடலுக்குப் போகாமல் நிறுத்தவில்லை. அந்தப் படகுக்காரரிடம் அத்தையைக் கூட்டிக்கொண்டு போய், எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று மலாயில் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த ஊர்க்காரரிடம் கேட்பதைவிட நல்ல வழி இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

1994-இல் தம்பியின் காலில் ஜெல்லி மீன் பட்டது. நம் மீனவர்கள் சொறி என்று சொல்வது இதைத்தான். தம்பிக்கு எட்டு வயது, வலியில் துடித்தான். ஒருவர் மணலைப் போட்டுத் தேய்க்கச் சொன்னார், இன்னொருவர் நல்ல தண்ணீர் ஊற்றச் சொன்னார். இரண்டும் தப்பு. தோலில் ஒட்டியிருக்கும் இழைகளில் இன்னும் வெடிக்காத கொடுக்குகள் இருக்கும், தேய்த்தாலும் நல்ல தண்ணீர் பட்டாலும் அவை வெடித்து விஷம் இறங்கும். மீ கோரிங் என்ற வறுத்த நூடுல்ஸ் விற்ற சீனப் பெண்மணி ஒருவர் எங்களைப் பார்த்ததும் கடையிலிருந்து வினிகர் பாட்டிலோடு ஓடி வந்தார். பச்சை மிளகாய் ஊறப்போட வைத்திருந்த வினிகர். கால் முழுக்க நன்றாக நனையும்படி ஊற்றினார், அரை நிமிடத்துக்கு மேல் ஊற்றியிருப்பார். பிறகு சாமணத்தால் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வலி குறைய, பொறுக்கும் அளவு சூடான நீரில் அரை மணி நேரம் காலை வைத்திருக்கலாம் என்பது பின்னாளில் ஒரு மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டது. அந்தக் கடலில் பெட்டி ஜெல்லி என்ற கொடிய வகையும் உண்டு. மூச்சுத் திணறல், வாந்தி, நெஞ்சு படபடப்பு இருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலேசியாவில் அவசர எண் 999. அரை லிட்டர் வினிகர் ஒரு சின்னச் செலவு. பையில் துண்டுக்குப் பக்கத்தில் அது இருக்கட்டும்.

உடை விஷயம் சுருக்கமாக. முதல் பயணத்தில் நான் பருத்திப் பாவாடையோடு இறங்கினேன். நனைந்ததும் அது கனத்துக் காலைச் சுற்றிக்கொண்டது, அலையில் எழுந்து நிற்க முடியவில்லை. உடம்போடு ஒட்டி, சீக்கிரம் காயும் நைலான் உடைதான் பிள்ளைகளுக்கு நல்லது, நிறம் பளிச்சென்று இருந்தால் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியும். அப்புறம், மணல் ஒட்டிய காலைத் துண்டால் தேய்க்காமல் கொஞ்சம் பவுடர் தூவித் தட்டிவிட்டால் மணல் தானாக உதிரும். இது அத்தையின் கைவைத்தியம்.

முதல் பயணத்தில் அப்பா எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பினாங்கு மலை ரயில், பாம்புக் கோயில், கெக் லோக் சி புத்தர் கோயில், தண்ணீர்மலை முருகன், 1985-இல் திறந்த பதின்மூன்றரைக் கிலோமீட்டர் பாலம், நடுவில் கோலாலம்பூர். செலவு செய்து வந்திருக்கிறோமே என்ற தவிப்பு அது. இன்றைக்கு அவற்றில் பாதி எனக்கு நினைவில்லை. அடுத்த இரண்டு முறையும் மாமா பேச்சைக் கேட்டு ஒரே கரையில் நாட்களை விட்டுவிட்டோம். காலையில் அத்தை "பசியாறியாச்சா?" என்று கேட்பார். அங்கே காலை உணவுக்குப் பேச்சே பசியாறுதல்தான். ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, எலுமிச்சை சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு கிளம்பினால் இருட்டும்போதுதான் திரும்புவோம். ஊரில் அப்பா ராத்திரி ஒன்பதுக்குத்தான் வீட்டுக்கு வருவார். பினாங்கில் நாள் முழுவதும் தண்ணீரில் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பிள்ளைப் பருவத்தில் அப்பாவை முழுதாகப் பார்த்தது அங்கேதான்.

அம்மாவை முழுதாகப் பார்த்தது 97-இல். முதல் இரண்டு பயணத்திலும் அவள் சவுக்கு மரத்தடியில் பாய் விரித்து, பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து அலையோரம் நிற்பாள், அவ்வளவுதான். மூன்றாவது முறை அத்தை தன்னுடைய கால்சட்டையையும் மாமாவின் டி-ஷர்ட்டையும் அவள் கையில் கொடுத்து, "எத்தனை வருஷம்மா பாய்க்குக் காவல் இருப்பே? நான் பார்த்துக்கறேன், போ" என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "வா" என்று கையை நீட்டினார். மாலை ஆறரை மணி, ஏற்றம் முடிந்து கடல் அமைதியாக இருந்தது. அம்மா இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தாள், தண்ணீர் கழுத்துக்கு வந்தது. "உடம்புக்கு எடையே இல்லாத மாதிரி இருக்குடி" என்று என்னிடம் சொன்னாள். அப்படி அவள் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

அதற்குப் படம் இல்லை. 36 படம் எடுக்கும் ஃபிலிம் ரோல் அதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. குடும்பத்தோடு போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. பைகளுக்குக் காவல் இருப்பதை முறை போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் தண்ணீரில் இறங்க ஏற்ற ஒரு உடையை ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தக் கரையையும் தாக்கியது. மலேசியாவில் இறந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் பினாங்கில்தான். அத்தை கரையில் இல்லை என்று தெரியும்வரை அப்பா தொலைபேசியை விட்டு நகரவில்லை. ஓத நேரம் தெரிந்திருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஓதம் இறங்கும் நேரமாக இல்லாதபோது கடல் திடீரென்று உள்வாங்கினால், அது வேடிக்கை பார்க்கும் நேரம் இல்லை, மேட்டுக்கு ஓட வேண்டும்.

போன வருடம், 2025 மே மாதம், அப்பா அம்மாவையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். இப்போது எல்லாம் எளிது. 2024 டிசம்பரிலிருந்து சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் வந்துவிட்டது. இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை, ஆனால் போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் பெயர் அம்மாவின் பாஸ்போர்ட்டிலேயே இருந்தது, இன்று பிள்ளைக்குத் தனியாக வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும் என்பதை மறந்து பலர் கடைசி நேரத்தில் அலைகிறார்கள்.

மகளுக்குப் பாலாறு என்றால் 2021 நவம்பரில் பாலத்தின் மேல் நின்று பார்த்த வெள்ளம்தான். ஊற்று என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. அப்பா அவளை சவுக்கு மரத்தடியில் உட்கார வைத்துத் தோண்டச் சொன்னார். தண்ணீர் வந்ததும் முதல் தண்ணீரை இறைக்கச் சொன்னார். ஆயாவின் கை போலவே அவர் கை இறைத்தது. அவள் குடித்துப் பார்த்துத் துப்பினாள், "ஏன் தாத்தா உப்பு?" என்று கேட்டாள். அப்பா பதில் சொல்வதற்கு முன் ஒரு குச்சியைத் தேடினார். பாயில் அத்தை உட்கார்ந்திருந்தார், எழுபத்தைந்து வயது, பைகளுக்கு அவர்தான் காவல். அம்மா யாரும் கூப்பிடாமலே தண்ணீரில் இறங்கியிருந்தாள். குச்சியைத் தாண்டித் தண்ணீர் ஏறி வந்தபோது மணி ஏழேகால், இன்னும் வெளிச்சம் இருந்தது.